நோயாளி வீட்டின் வரவு செலவுக் கணக்கு

ஒட்டன்சத்திரத்தில் கணக்கின் அருமையை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் காய்கறிச் சந்தைக்கு வந்து இறங்கும் முருங்கையும் தக்காளியும் வெண்டையும் எடை போடப்பட்டு, சிட்டையில் எழுதப்பட்டு, அதன் பிறகே கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் லாரி ஏறுகின்றன. எந்த மூட்டை யாருடையது, எவ்வளவு எடை, என்ன விலை, எவ்வளவு கழிவு என்பதெல்லாம் அன்றன்றே பேரேட்டில் ஏறிவிடும். எழுதாமல் மனத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்பவரை இந்தச் சந்தையில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தச் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் நெடுங்காலம் கணக்குப்பிள்ளையாக இருந்த பெரியவர் ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். அவரும் அவர் மனைவியும் இசைவு தந்த பின்னரே எழுதுகிறேன். அடையாளங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். வயது எழுபதைக் கடந்தவர். சர்க்கரை நோய் உண்டு. முன்பு வந்த மாரடைப்பினால் இதயத் தசை தளர்ந்து, இரத்தத்தை முழு வலிமையோடு வெளியே தள்ள இயலாத நிலை. இத்தகைய இதயத் தளர்ச்சியில் உடலில் உப்பும் நீரும் தேங்கும்; கால் வீங்கும்; நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சுத் திணறும். சென்ற ஆண்டு சித்திரை வெயிலில் அவர் அந்நிலையில் நம்மிடம் வந்தார். நீர் பிரிய ஊசி போட்டு, ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்து, நடந்தே வீட்டுக்குப் போனார். "தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான்" என்று அவர் மனைவியிடம் நான் தெளிவாகச் சொல்லி அனுப்பினேன். தெளிவாகச் சொன்னதாகத்தான் அன்று எண்ணினேன்.

ஒன்பதாம் நாள் இரவில் அவரை மறுபடியும் அழைத்துவந்தார்கள். உட்கார்ந்த நிலையிலேயே மூச்சு வாங்கியது. உதடு கறுத்திருந்தது. எடை போட்டபோது நான்கு கிலோ கூடியிருந்தது. அந்த இரவை அவர் கடந்தது, உண்மையாகச் சொன்னால், நூலிழையில்தான்.

மறுநாள் காலை அவர் மனைவியிடம் நான் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அந்த அம்மா கண் கலங்கிச் சொன்னார்: "பாட்டில்ல அளந்து வச்சுத்தாங்க டாக்டர் கொடுத்தேன். ஒன்றரை லிட்டருக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி கொடுக்கலைங்க."

அவர் பொய் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விடியற்காலை முதல் இரவு வரை அவர் கணவரின் வாய்வழி என்னென்ன போயிற்று என்று இருவரும் ஒவ்வொன்றாக எண்ணினோம். காபி மூன்று தடவை, தடவைக்கு 150 மில்லி. முற்பகலில் ஒரு பெரிய டம்ளர் நீர்மோர், 250 மில்லி. மதியச் சோற்றில் ஊற்றியதும் பிறகு குடித்ததுமாக ரசம் 150. இரவு கஞ்சி 300. வெயிலுக்கு இதமென்று மகன் நாள்தோறும் வாங்கிவந்த இளநீர் 300. கூட்டினால் 1,450 மில்லி வந்தது. அளந்து கொடுத்த தண்ணீருக்கு வெளியே, ஏறக்குறைய அதே அளவு நீர் இன்னொரு வழியாக உள்ளே போயிருக்கிறது. அந்த அம்மாவுக்குக் காபி காபிதான், ரசம் ரசம்தான். எதுவும் தண்ணீர் அன்று. நான் "தண்ணீர்" என்றேன். அவர் தண்ணீரைத்தான் அளந்தார். பிழை என் சொல்லில் இருந்தது.

அன்று முதல் "தண்ணீர்" என்று நான் சொல்வதில்லை. "நீராக ஊற்றக்கூடிய எல்லாம்" என்கிறேன். பாயசமும், ஐஸ் கட்டியும், மாத்திரை விழுங்கக் குடிக்கும் இரண்டு வாயும் அதில் அடங்கும்.

சிவப்பு மையில் ஆரம்ப இருப்பு

வார்டில் மூச்சு சீரானதும் பெரியவர் செய்த முதல் வேலை, செவிலியரிடம் ஒரு நோட்டும் அடிக்கோலும் கேட்டதுதான். மருத்துவமனையில் படுக்கையின் கால்மாட்டில் செவிலியர் வைத்திருக்கும் அட்டவணையை அவர் பல நாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எவ்வளவு நீர் உள்ளே போனது, எவ்வளவு சிறுநீராக வெளியே வந்தது என்று மணிக்கு மணி எழுதும் அட்டவணை அது. "இது வரவு செலவுதானுங்களே டாக்டர், இதை நானே எழுத மாட்டேனுங்களா" என்றார்.

நோட்டின் இடப்பக்கம் வரவு. உண்டது, குடித்தது, விழுங்கிய மருந்து மூன்றும் நேரத்தோடு. வலப்பக்கம் செலவு. அளவு குறித்த ஒரு குவளையில் பிடித்துப் பார்த்த சிறுநீர். பக்கத்தின் தலையில், காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், காபிக்கு முன், ஒரே வகை உடையில் பார்த்த எடை. அதை மட்டும் அவர் சிவப்பு மையில் எழுதினார்; ஆரம்ப இருப்பாம்.

எடைக்கு அவர் தந்த அந்த இடம் மிகச் சரியானது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. கொழுப்பும் தசையும் ஒரே இரவில் ஒரு கிலோ கூடுவதில்லை, நீர் கூடும். ஆகவே இதயத் தளர்ச்சி உள்ளவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், கால் வீங்கும் வரை காத்திராமல் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் சாந்தோரியோ என்ற மருத்துவர் பெருந்தராசில் தொங்கிய நாற்காலியில் அமர்ந்து, தாம் உண்பதையும் குடிப்பதையும் கழிப்பதையும் நிறுத்து எழுதிவந்தார். பல ஆண்டுக் கணக்கைத் தொகுத்து 1614இல் நூலாக வெளியிட்டார். நம் பெரியவருக்கு நாற்காலி தேவைப்படவில்லை. மகன் வாங்கித் தந்த சிறிய எடைக் கருவி போதுமாயிருந்தது.

வீடு திரும்பிய மூன்றாம் வாரத்தில் அவரே தொலைபேசியில் அழைத்தார். 58.4, 59.1, 59.8, 60.5 என்று நான்கு நாள் எடையை வாசித்தார். நீர்க்கணக்கு எல்லா நாளும் ஒன்றரை லிட்டருக்குள் இருந்தது. உப்பும் குறைவு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் இல்லை. "வரவு சரியா இருக்குங்க, இருப்புத்தான் இடிக்குது" என்றார். கணக்குப்பிள்ளைக்கு இருப்பு இடித்தால் தூக்கம் வராதல்லவா.

நோட்டோடு வரச் சொன்னேன். பக்கம் பக்கமாகப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. இறுதியில் நம் செவிலியர் ஒருவர்தான் கேட்டார்: "ஐயா, எழுதாம விட்ட மாத்திரை ஏதாவது இருக்குங்களா?" பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து வைத்தார். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக். "இது முட்டிக்குங்க. நெஞ்சுக்குன்னு நீங்க கொடுத்ததை மட்டுந்தான் எழுதினேன்."

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். நீர் பிரிய நாம் தரும் மாத்திரையின் வேலையையும் மட்டுப்படுத்தும். முட்டிக்கென்று விழுங்கினாலும் அது இரத்தத்தில் கலந்து எல்லா உறுப்புகளுக்கும் போகிறது. மாத்திரையை நிறுத்தி, இரத்தத்தில் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்து, நீர் மாத்திரையைச் சில நாள் கூட்டிக் கொடுத்தோம். முழங்காலுக்கு வேறு வழி செய்தோம். இம்முறை அவர் படுக்கையில் சேர வேண்டியிருக்கவில்லை. முன்பு நான்கு கிலோ ஏறி, மூச்சு முட்டிய நள்ளிரவில் தெரியவந்த செய்தி, இப்போது இரண்டு கிலோவில், பட்டப்பகலில், தொலைபேசியில் தெரியவந்தது. அந்த நோட்டின் விலை இருபது ரூபாய்க்குள் இருக்கும்.

சென்னையில் நடந்த சோதனை

வீட்டில் இருப்பவர் எழுதும் கணக்கை நம்பி வைத்தியம் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மருத்துவமனையின் கண்காணிப்பு வீட்டில் வருமா என்பதும் அதே கேள்விதான். இதற்கு நம் மாநிலத்திலேயே விடை தேடியிருக்கிறார்கள். அவ்விடை உலகத்தையே மாற்றியது.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்தின. காசநோய் என்றால் சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் நல்ல காற்றும் பாலும் முட்டையுமாக மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பதே அக்கால நம்பிக்கை. ஆனால் நோயாளிகளோ பல்லாயிரம்; படுக்கைகள் மிகச் சில. எனவே சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மறு பிரிவினர் நெரிசலான தம் வீடுகளிலேயே. இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உணவு நன்றாகக் கிடைத்தது. எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்கள் முன்போலவே எளிய உணவை உண்டார்கள். பலர் வேலைக்கும் போனார்கள். ஆயினும் ஆண்டு முடிவில் இரு பிரிவிலும் மிகப் பெரும்பாலோர் சளியில் கிருமி நீங்கிக் குணமடைந்திருந்தனர். சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவுக்குப் பின், உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

இக்கதையை மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லும்போது இவ்வளவோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கு இதில் பிடித்தது இன்னொரு பகுதி. வீட்டில் இருந்தவர்கள் மருந்தை விழுங்கினார்களா என்பதை அந்த மையத்தார் சும்மா நம்பிவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போய், மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து அதில் மருந்தின் சுவடு உள்ளதா என்று பார்த்தார்கள். மையத்தை வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர், நோயாளி தன் கையால் தானே மருந்தை எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். மருந்தைத் தவறவிடுபவர்கள் அனைவரும் பொறுப்பற்றவர்கள் அல்லர். இருமல் நின்று, உடம்பில் தெம்பு வந்ததும், இனி எதற்கு என்று தோன்றிவிடுகிறது. இது மனித இயல்பு, படித்தவருக்கும் உண்டு, மருத்துவருக்கும் உண்டு. ஐந்து நாள் மருந்தை மூன்றாம் நாளே நிறுத்திவிட்ட மருத்துவர்களை எனக்குத் தெரியும். அவர்களுள் ஒருவரைக் கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.

காசநோயாளியின் மருந்தை மற்றொருவர் கண்முன்னே விழுங்கச் செய்யும் முறைக்குச் சென்னையில் நடந்த அப்பணிகளே அடித்தளம். உணவு முக்கியமில்லை என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவுப் பொருள்கள் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது வெகுவாகக் குறைந்தது. நோயாளிகளிடையேயும், முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களுள் இறந்தவர்கள் குறைவு. மருந்தும் உணவும் எடையும் ஒரே கணக்கின் மூன்று பத்திகள். ஒன்றை மட்டும் எழுதி மற்றதை விட்டால் இருப்பு இடிக்கத்தான் செய்யும்.

எழுதாமல் விடுபவை

பலரின் நோட்டுகளைப் பார்த்துவருவதில் ஒன்று தெரிகிறது. மருந்து என்று தோன்றாத மருந்துகளும், உணவு என்று தோன்றாத உணவுகளும்தான் விடுபடுகின்றன. வலி மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான திரவம், பக்கத்து வீட்டார் கொடுத்த சூரணம், லேகியம், சத்து மாவு, தூக்கத்துக்கென்று பாதியாக உடைத்துப் போட்ட மாத்திரை. எல்லாம் நோட்டில் வர வேண்டும். நாட்டு மருந்து சாப்பிடுவதாகச் சொன்னால் மருத்துவர் கோபிப்பார் என்று மறைக்கிறீர்கள். கோபிப்பவர்கள் இருக்கிறார்கள்தான். ஆயினும் மறைத்த மருந்தால் சிறுநீரகம் பழுதுபட்ட பிறகு காரணம் தேடுவதைவிட, அந்தக் கோபத்தை ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்வது நல்லது.

ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவது இன்னொரு கண்ணி. நாம் ஒரு நிறுவனத்தின் மாத்திரையை எழுதுகிறோம். கடையில் வேறு பெயரில் அதையே தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடியும் இரத்த அழுத்த மாத்திரை வருகிறது. மூன்றும் நல்ல மருந்துகளே. மூன்றும் ஒன்றே என்று அறியாமல் மூன்றையும் விழுங்கினால் தலை சுற்றி விழ வேண்டியதுதான். பட்டையின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அதனடியில் சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். படிக்கத் தெரிந்த பேரனையோ பேத்தியையோ அச்சிறிய எழுத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முருங்கை நமக்குப் பயிர், தொழில், உணவு எல்லாம். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களும், இதயத்துடிப்புச் சீர்கெட்டவர்களுள் சிலரும், இரத்தம் உறையாதிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபாரின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். உடலில் வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுப்பதன் மூலம்தான் அம்மாத்திரை செயல்படுகிறது. முருங்கைக்கீரை போன்ற கரும்பச்சைக் கீரைகளிலோ வைட்டமின் கே நிறைய உண்டு. ஆடிக் காற்றில் கிளை முறிந்து கீரை மலிந்த வாரத்தில் நாள்தோறும் பொரியல் செய்து உண்டால், மாத்திரையின் வலிமை குறைந்து வால்வில் இரத்தக்கட்டு உருவாகக்கூடும். அதற்கு அஞ்சிக் கீரையை அடியோடு நிறுத்தினாலும் தொல்லைதான். மாத்திரையின் வலிமை கூடி இரத்தம் கசியும். கீரை கூடாது என்பதன்று என் அறிவுரை. வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு என்பது ஏறாமல் இறங்காமல் இருக்கட்டும். அந்த அளவுக்கேற்ப, ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்து மாத்திரையை நாங்கள் அமைத்துக்கொள்கிறோம். முருங்கைக்காயில் இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. சாம்பாரில் தாராளமாகப் போடலாம்.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு எதிரி பொட்டாசியம். அது இரத்தத்தில் மிகுந்தால் முன்னறிவிப்பின்றி இதயம் நின்றுவிடலாம். இளநீர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கீரைகள், பழச்சாறு ஆகியவற்றில் அது மிகுதி. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைப்பது பயன் தரும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பவற்றில் சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரக நோயாளிகளும், ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. இந்துப்பு நல்லதா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். பெரும்பங்கும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் மட்டும் வேறு.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருங்கள். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியும், பசிக்குமே என்று இரக்கப்பட்டு ஒரு வாய் காபி கொடுத்திருந்தால், தயவுசெய்து சொல்லிவிடுங்கள். சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

தைப்பூசத்தை ஒட்டித் திண்டுக்கல் சாலை வழியே பழனிக்கு நடந்து போகிறவர்களுள் இன்சுலினும் சர்க்கரை மாத்திரையும் எடுப்பவர்கள் பலர். விரதம், நெடுநடை, வழக்கமான அளவு மருந்து மூன்றும் சேர்ந்தால் வழியிலேயே சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழ நேரும். நடை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன் வந்து, மருந்தின் அளவை மாற்றி எழுதிக்கொண்டு போங்கள். கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் ரமலான் நோன்புக்கும் இதுவே முறை. நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, உட்கார்ந்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். தன்னினைவு இழந்தவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.

திட்டினால் கணக்கு பொய்க்கும்

உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எங்களுக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன். நோட்டில் "ஜிலேபி ஒன்று" என்று எழுதியவரைப் பிடித்து அரை மணி நேரம் திட்டினால், நாளை ஜிலேபி நிற்காது. நோட்டில் அந்த வரிதான் நிற்கும். வருமானவரிக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்பது போல மருத்துவருக்கென்று ஒரு நோட்டு தயாராகிவிடும். அப்படிப்பட்ட நோட்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன். முப்பது நாளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில், மூன்று வேளையும் இரண்டு இட்லி. வரும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து எழுதியது. இரத்தப் பரிசோதனை அதற்கு எதிராகச் சாட்சி சொல்லும். நாங்களோ, மருந்து போதவில்லை போலும் என்று எண்ணி, தேவையின்றி அளவைக் கூட்டிவிடுவோம். பொய்க் கணக்கால் வரும் பெரிய ஆபத்து இதுதான்.

ஆகவே கறை படிந்த, அடித்துத் திருத்திய, எண்ணெய்க் கை பட்ட நோட்டைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி. முதல் முறை மருத்துவரைப் பார்க்க வருகையில் வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், பட்டை, புட்டி, பொட்டலம் எதுவாயினும், ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கொட்டுங்கள். வீட்டு டம்ளரையும் சொம்பையும் ஒரு லிட்டர் பாட்டிலால் ஒருமுறை அளந்து, கொள்ளளவை நோட்டின் உள்ளட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். நீர்க்கட்டுப்பாடு உள்ளவருக்கு நம் கணக்குப்பிள்ளையின் மனைவி கண்டுபிடித்த முறை எளிது. காலையில் பாட்டிலில் ஒன்றரை லிட்டர் நீர் நிரப்பிவிடுவார். காபி கொடுத்தால் அதே டம்ளரால் ஒரு டம்ளர் நீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துத் துளசிக்கு ஊற்றிவிடுவார். மோருக்கும் கஞ்சிக்கும் அவ்வாறே. பாட்டிலில் எஞ்சியிருப்பதே அன்றைக்குக் குடிக்க எஞ்சியிருப்பது. கூட்டல் கழித்தல் வேண்டாம், துளசியும் செழித்துவிட்டது.

ஒன்றை மறக்க வேண்டாம். நீர்க்கட்டுப்பாடு எல்லோருக்குமானது அன்று. சிறுநீரகக் கல் உள்ளவரும் காய்ச்சலில் கிடப்பவரும் நிறையக் குடிக்க வேண்டியவர்கள். கட்டுப்பாடு உள்ளவருக்கே வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்டால் அன்றைய கணக்கு மாறிவிடும்; நீர் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, மெட்ஃபார்மின் ஆகியவற்றை அந்நாட்களில் தொடரலாமா என்று அழைத்துக் கேளுங்கள்.

பெரியவர் சென்ற மாதம் வழக்கமான பரிசோதனைக்கு வந்தார். இப்போது ஐந்தாவது நோட்டு. எடை 58ஐ விட்டு அசையவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தபோது, பேரனுக்கு மொட்டையடிக்கப் பழனிக்குப் போன நாள் கண்ணில் பட்டது. மலை வாழைப்பழமும் சர்க்கரையும் பேரீச்சையும் கற்கண்டும் தேனும் நெய்யும் ஏலமும் சேர்ந்த பஞ்சாமிர்தம், 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைச் சர்க்கரை நோயாளி என்பதற்காக ஒரேயடியாக மறுக்க எனக்கே மனம் வருவதில்லை. வரவுப் பக்கத்தில், தம் அழகிய சாய்வெழுத்தில் அவர் நேர்மையாகப் பதிந்திருந்தார்: "பகல் 12.10. பஞ்சாமிர்தம், விரல்நுனி அளவு."

அதனடியில், பென்சிலில், வேறொரு கையெழுத்தில் இரண்டே சொற்கள் இருந்தன: "நாலு தடவை."